பத்து நாள் மருந்து

நல்லதம்பிக்கு நடிக்க வராது. இது அவர் தோட்டத்தில் இருந்த காலத்திலேயே ஊரறிந்த விஷயம். மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்துப் போட்டபோது, ஆள் குறைகிறதே என்று அவருக்கும் வேசம் கட்டி இறக்கினார்கள். காமன் எரிந்துபோனதும் ரதி விழுந்து புரண்டு அழுவாள்; சுற்றி நிற்பவர்கள் மாரில் அடித்துக்கொள்ள வேண்டும். ரதியாக வந்தவன் நல்லதம்பியின் மச்சான். சேலைக்குக் கீழே அவனுடைய முரட்டுக் காலைக் கண்டதும் நல்லதம்பி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டார். சாவு வீட்டில் சிரித்தவனுக்கு இனி வேசம் கிடையாது என்று கூத்து வாத்தியார் அவரைப் பந்தம் பிடிக்க அனுப்பினார். பொய் சொன்னால் இந்த மனுஷனுக்குக் காது மடல் சிவந்துவிடும் என்று அவர் மனைவி வீரம்மா எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். புருஷனைப் பற்றி அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த சில விஷயங்களில் அதுவும் ஒன்று.

எழுபத்தேழாம் ஆண்டு ஆவணிக் கலவரத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். ஆளுக்கொரு பக்கமாகத் தேயிலைச் செடிகளுக்குள் ஓடினார்கள். விடிந்து பார்த்தால் ஒன்பது வயது மகள் அமராவதியைக் காணவில்லை. இரண்டு நாள் தேடினார்கள். வீரம்மா ஓயாமல் அழுதாள். நல்லதம்பி அழவில்லை. மலையைப் பார்த்துக் கும்பிட்டு, பிள்ளை உயிரோடு கிடைத்தால் ஏழு வருசம் முதுகில் செடில் குத்திக் காவடி எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டார். எந்த அம்மனுக்கு என்று சொல்ல அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள், அகதிகளை வைத்திருந்த ஒரு பள்ளிக்கூடத்தில், யாரோ கொடுத்த பெரிய சட்டையைப் போட்டுக்கொண்டு பிள்ளை பாண் தின்றுகொண்டிருந்தாள்.

அங்கிருந்து லொறியில் ஏற்றி வன்னிக்குக் கொண்டுவந்தார்கள். கண்டாவளைப் பக்கம் காடு வெட்டிக் குடிசை போட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வயலில் நல்லதம்பி கூலிக்கு நின்றார். பதினைந்து வருசம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை, மண்வெட்டிக்கு ஒரே போகத்தில் பழகிவிட்டது. கண்தான் பழகவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் தட்டையாகக் கிடக்கிறதே, இந்த ஊரில் ஒருத்தன் எதை வைத்துத் திசை கண்டுபிடிப்பான் என்று வரம்பில் நின்று அலுத்துக்கொள்வார். அம்மன் எங்கே என்று விசாரித்தபோது எல்லாரும் வற்றாப்பளையைக் காட்டினார்கள். நேர்த்தி அந்தக் கண்ணகி அம்மனுக்கே என்று ஆயிற்று. எழுபத்தெட்டாம் ஆண்டு வைகாசிப் பொங்கலுக்கு முதல் காவடி.

செடில் என்பது, பார்த்தவர்களுக்குத் தெரியும், முதுகுச் சதையைக் கிள்ளிப் பிடித்துக் கொளுக்கி ஏற்றுவது. ஐந்து கொளுக்கி, ஐந்து கயிறு. கயிறுகளைப் பின்னால் ஒருவர் இழுத்துப் பிடிக்க, காவடிக்காரன் முன்னால் பாய்ந்து ஆடுவான். ஒழுங்காக விரதம் இருந்தவனுக்கு ஒரு சொட்டு இரத்தம் வராது. இது அங்கே கேள்வியே இல்லாத நம்பிக்கை. அந்த விரதம் பத்து நாள். காவடி எடுப்பவன் மட்டும் இருந்தால் போதாது. அவனுக்கு உலை வைக்கும் பெண்ணும் இருக்க வேண்டும். புதுப்பானை, ஒரு நேரச் சோறு, வீட்டில் துடக்கின், அதாவது தீட்டின், நிழல்கூடப் படக்கூடாது. ஆகவே இரத்தம் வந்தால் குற்றம் யாருடையது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. முதுகு புருஷனுடையது; பழி பெண்சாதியுடையது. இப்படி வசதியாக யார் ஏற்பாடு செய்து வைத்தார்களோ தெரியாது.

ஐந்து வருசம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. அதற்கிடையில் நல்லதம்பியின் கைகால் மூட்டுகளில் வீக்கம் தொடங்கியது. முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு, முழங்கால். காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியாது, தொட்டால் சுடும். வெயில் ஏறிய பிறகுதான் மண்வெட்டி பிடிப்பார். வீரம்மா நொச்சி இலையை வதக்கிக் கட்டுவாள். வாதம்தானே, மூட்டோடு வந்தது மூட்டோடு போகட்டும் என்று இரண்டு பேரும் இருந்துவிட்டார்கள். அது மூட்டோடு நிற்கிற காரியம் இல்லை என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

எண்பத்து மூன்று மாசியில், நெற்கதிர்ச் சூடு அடிக்கும் களத்தில், நல்லதம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நெல்லின் மேல் உட்கார்ந்தார். உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றியது. உழவு மெசின் பெட்டியில் போட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மாரடைப்பு என்றார்கள்.

அங்கே இருந்த இளம் டொக்டர் ஒருவருக்கு இது பிடிபடவில்லை. நாற்பத்தாறு வயது. உடம்போ ஈர்க்குச்சி. சுருட்டு இல்லை, பீடி இல்லை. சீனி வருத்தம் இல்லை, பிரஷர் இல்லை. இந்த ஆளுக்கு எப்படி மாரடைப்பு? கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தவர், ஒரு காலையில் நல்லதம்பியின் விரல்களைக் கண்டார். உடனே இரத்தம் எடுத்து ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிறுத்திவைத்தார். சிவப்பு எவ்வளவு விரைவாகக் கீழே இறங்குகிறதோ, உடம்புக்குள் அவ்வளவு அழற்சி என்று கணக்காம். நல்லதம்பியின் இரத்தம் மளமளவென்று இறங்கியது. மூட்டில் எரிகிற நெருப்பு மூட்டில் மட்டும் எரியவில்லை, இரத்தத்தோடு ஓடி இருதயக் குழாயின் உட்சுவரையும் சுட்டிருக்கும் என்று அந்த டொக்டர் சொன்னார். புத்தகத்தில் இதை இன்னும் உறுதியாக எழுதவில்லை, ஆனால் மூட்டு வீங்கியவர்களுக்கு இளம் வயதில் நெஞ்சு நோவதைத் தான் கண்டிருப்பதாகவும் சொன்னார். தினமும் பாதி அஸ்பிரின் குளிசை எழுதிக் கொடுத்தார். சோற்றை விட்டாலும் இதை ஒரு நாளும் விடக்கூடாது என்று வீரம்மாவிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

குளிசையை முழுசாக விழுங்க நல்லதம்பிக்குத் தெரியாது. தொண்டையில் நின்று அவரைப் படாதபாடு படுத்தும். வீரம்மா அதைக் கரண்டியின் முதுகால் நசுக்கி, தம்ளரில் தண்ணீர் விட்டுக் கலக்கி, விளக்கு வைக்கும் நேரத்தில் கொண்டுபோய்க் கொடுப்பாள். வெள்ளையாகக் கலங்கிய தண்ணீர். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகத்தை எட்டுக் கோணலாக்குவார். சின்னப் பிள்ளைபோல இதென்ன என்று அமராவதி சிரிப்பாள். மருந்தென்றாலே முகம் சுளிக்கிற ஆள் இவர் என்று வீரம்மாவும் சிரிப்பாள். அதன் சுவை என்னவென்று அவள் நுனி நாக்கில்கூட வைத்துப் பார்த்ததில்லை. நோயாளியின் மருந்தை யார் சுவை பார்ப்பார்கள்?

அந்த வருசம் வைகாசியில் ஆறாவது காவடி. வேண்டாம் என்று அவள் கும்பிட்டுக் கேட்டாள். அம்மனுக்கு ஏழு என்று சொல்லிவிட்டு ஐந்தில் நிற்கிறவன் மனுஷனா என்றார். அவளும் விரதம் இருந்தாள், மருந்தும் தவறவில்லை.

செடில் குத்துகிறவர் வீரகத்தி, அந்தப் பக்கத்தில் பேர்போன கைகாரர். முதல் கொளுக்கி, இரண்டாவது கொளுக்கி. மூன்றாவதை ஏற்றும்போதே முதல் துளையிலிருந்து இரத்தம் வழியத் தொடங்கியது. திருநீற்றை அப்பினார். திருநீறு நனைந்து சிவந்து, இரத்தம் இடுப்பு வேட்டியில் இறங்கியது. வீரகத்தி தன் கையைப் பார்த்தார். நாற்பது வருசத்தில் அந்தக் கை இப்படி நனைந்ததில்லை. பிறகு கூட்டத்துக்குள் நின்ற வீரம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"வீட்டிலை என்ன குறை விட்டனீங்கள்?" என்று கேட்டார்.

அவர் சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் கேட்க வேண்டியவர்கள் எல்லாருக்கும் கேட்டது.

அவர்களில் வடிவம்மாவும் ஒருத்தி. அதே தோட்டத்திலிருந்து அதே லொறியில் வந்தவள். அமராவதியைத் தன் மகன் செல்வராசாவுக்குக் கட்டிக்கொடுக்கலாம் என்று முந்தின வருசம் அவளேதான் வாயெடுத்தாள். காவடி முடிந்து வந்த பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆடிக் கூழுக்கு எல்லா வீட்டிலிருந்தும் கோயிலுக்குப் பானை போயிற்று. வீரம்மாவின் பானையை ஓரமாக வைத்துவிட்டு மற்றப் பானைகளிலிருந்து ஊற்றினார்கள். மாலையில் அவள் நிறைந்த பானையை அப்படியே தலையில் வைத்துத் திரும்பி வந்தாள். அந்த ஆடியிலேயே தெற்கில் பெரிய கலவரம் வந்து இன்னும் ஆயிரம் பேர் லொறிகளில் வந்து இறங்கினார்கள். எத்தனை சாவு, எத்தனை எரிவு. அத்தனைக்கும் நடுவில் கிணற்றடியில் வீரம்மாவின் விரதத்தைப் பற்றிப் பேச மட்டும் ஆட்களுக்கு நேரம் இருந்தது. துடக்கோடு உலை வைத்திருப்பாள் என்றார்கள். வேறு விதமாகவும் சொன்னார்கள். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

நல்லதம்பி இதைப் பற்றி வீட்டில் பேசவில்லை. ஒரே ஒரு தடவை, திரும்பி வந்த கூழ்ப் பானைக்கு முன்னால் உட்கார்ந்து, மூன்று சிரட்டை நிறைய ஊற்றிக் குடித்துவிட்டு, இவ்வளவு நல்ல கூழை விட்டுட்டுப் போறானுங்களே முட்டாப் பசங்க என்றார். வீரம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

எண்பத்து நான்கு சித்திரை கடைசியில், மருந்து வாங்கப் போன இடத்தில், அவள் வாய்விட்டு அழுதுவிட்டாள். சந்தியில் டிஸ்பென்சரி வைத்திருந்த சிற்றம்பலம், ஆஸ்பத்திரியில் உதவி டொக்டராக இருந்து ஓய்வுபெற்ற அப்போதிக்கரி. யாழ்ப்பாணத்து மனிதர், யாரையும் கதிரையில் இருத்திக் கதை கேட்காமல் மருந்து கொடுக்க மாட்டார். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பிள்ளை, வரம்பு உடைஞ்சால் என்ன செய்வியள்?"

"மண்ணு, வைக்கோல் எல்லாம் போட்டு அடைப்போம் ஐயா."

"ஓம். இரத்தத்துக்குள்ளையும் அதுக்கெண்டு ஆக்கள் இருக்கினம். சிறுதட்டுகள் எண்டு சொல்லுறது. கண்ணுக்குத் தெரியாது. தோல் கிழிஞ்சால் ஓடிவந்து ஒண்டுக்கு மேலை ஒண்டாய் ஏறி ஓட்டையை அடைப்பினம். அது நல்ல வேலைதானே? ஆனால் உன்ரை மனுசனுக்கு அந்த மூட்டு நெருப்பு இருதயக் குழாயை உள்ளுக்குள்ளை புண்ணாக்கிப்போட்டுது. இவை அதையும் உடைப்பெண்டு நினைச்சு அங்கையும் போய் அடைக்கினம். வாய்க்கால் அடைபட்டால் கீழை வயல் காயும். அதுதான் மாரடைப்பு. குளிசை என்ன செய்யுதெண்டால், அவையைச் சோம்பேறியாக்கிப்போடும். உள்ளுக்கு அடைக்க மாட்டினம். வெளியிலை கொளுக்கி குத்தினாலும் அடைக்க மாட்டினம். அதுதான் இரத்தம் ஓடினது. அம்மனுக்கும் உனக்கும் இதிலை ஒரு வழக்கும் இல்லை."

வீரம்மாவின் நெஞ்சிலிருந்து ஒரு மலை இறங்கிற்று. ஒரு வருசமாக, தனக்கே தெரியாமல் ஏதாவது தப்புச் செய்துவிட்டோமோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தவள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பி ஒரு கேள்வி கேட்டாள்.

"குளிசைய நிப்பாட்டுனா, அதுங்க எத்தன நாள்ல சுறுசுறுப்பாகும் ஐயா?"

"இருக்கிறவை திருந்த மாட்டினம். புதுசு பிறந்து வரவேணும். எட்டு நாள், பத்து நாள்," என்று சொல்லிக்கொண்டே அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அவர் சொன்னதை அவள் கிணற்றடியில் சொல்லிப் பார்த்தாள். உடைப்பு, வைக்கோல், சோம்பேறிகள் எல்லாவற்றையும் அழகாகத்தான் சொன்னாள். வடிவம்மா வாளியை இறக்கி வைத்துவிட்டு, அம்மனுக்கு மேல ஒரு குளிசையா என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். வீரம்மா தண்ணீர் அள்ளாமலே வீட்டுக்கு வந்தாள். வருகிற வழியெல்லாம் அவள் மனதில் ஒன்றுதான் ஓடியது. விரதம் பத்து நாள். புதுச் சிறுதட்டு பிறக்கவும் பத்து நாள். இருப்பது ஒரே ஒரு காவடி. பத்து நாள் மட்டும். காவடி முடிந்து வீடு வந்ததும் பழையபடி கொடுத்துவிடலாம். ஒரு வருசத்துக்கு மேலாக ஒன்றும் ஆகாத நெஞ்சு, பத்து நாளில் என்ன ஆகிவிடப் போகிறது?

அப்போதிக்கரியிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார் என்று அவளுக்குத் தெரியும். நல்லதம்பியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், சரி நிறுத்து என்று உடனே சொல்வார், அதுவும் அவளுக்குத் தெரியும். தன் பேரைக் காப்பாற்றப் புருஷனின் மருந்தை நிறுத்தச் சொல்லும் வாய் அவளுக்கு இல்லை. அதனால் ஒருவருக்கும் சொல்லாமல் செய்தாள்.

விரதம் தொடங்கிய முதல் நாள், உலைக்கு அரிசி கழுவிய தண்ணீரில் கொஞ்சம் எடுத்து வைத்தாள். விளக்கு வைத்த பிறகு அதைத் தம்ளரில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, கொண்டுபோய்க் கொடுத்தாள். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. நல்லதம்பி வாங்கி ஒரு மிடறு குடித்தார். ஒரு கணம் நிறுத்தினார். தம்ளருக்குள் பார்த்தார். பிறகு மிச்சத்தையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வழக்கம்போல முகத்தை எட்டுக் கோணலாக்கித் தலையை உதறினார்.

வீரம்மாவுக்கு மூச்சு வந்தது. பாவம், ஏமாந்துவிட்டார் என்று நினைத்தாள். விளக்கு வெளிச்சத்தில் அவருடைய காது மடலை அவள் பார்க்கவில்லை.

பத்து மாலையும் அப்படியே நடந்தது. பத்துத் தடவையும் அவர் முகம் சுளித்தார். ஆறாம் நாளிலிருந்து மூட்டுகள் மோசமாக வீங்கின. முழங்கால் சிவந்து பளபளத்தது. ஒரு நேரச் சோற்றோடு வண்டிக்கும் வயலுக்கும் அலைந்தது காரணமாக இருக்கலாம். வீரம்மா நொச்சி இலை கட்டினாள். கட்டும்போது ஒரு தடவை, குளிசையை எடுத்து நசுக்கிவிடலாமா என்று நினைத்தாள். இன்னும் நாலு நாள்தானே என்று விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை, ஏழாவது காவடி அன்று, வற்றாப்பளையில் நிற்க இடமில்லை. வீரகத்தி, இந்த முதுகா என்று முதலில் தயங்கினார். பிறகு முதல் கொளுக்கியை ஏற்றிவிட்டுக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. ஐந்தையும் ஏற்றினார். நல்லதம்பி பறைக்குப் பாய்ந்து ஆடினார். வீங்கிய முழங்காலோடு அப்படி ஆடியதை அவள் முன்பு பார்த்ததில்லை. கயிறு விண்ணென்று இழுபட்டது, தோல் கூடாரம்போல எழும்பியது. இரத்தம் மட்டும் வரவில்லை. கொளுக்கிகளைக் கழற்றி முடித்ததும் வீரகத்தி தோளில் கிடந்த வெள்ளைத் துண்டால் முதுகைத் துடைத்து, துண்டை விரித்து எல்லாருக்கும் காட்டினார். வடிவம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வீரம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மன்னிச்சிரு தங்கச்சி என்றாள். வீரம்மா வாழ்நாளில் அவ்வளவு சந்தோசப்பட்ட நாள் வேறு இல்லை. அதை மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது, அந்த நேரத்தில் அவளுக்கு அப்படித்தான் இருந்தது.

மாட்டு வண்டியில் திரும்பினார்கள். மருந்துத் தகரம் வீட்டில் இருந்தது. கையில் இருந்தால் காவடிக்கு முன்பே மனம் இளகிக் கொடுத்துவிடுவோமோ என்று அவள் அதை எடுக்காமல் வந்திருந்தாள். வழியில் உடையார்கட்டில் மாடுகளை அவிழ்த்துவிட்டு ஒரு மரத்தடியில் ஆறினார்கள். நல்லதம்பி கொஞ்சம் வெளிறித்தான் இருந்தார். இடது தோள் உளைகிறது என்றார். கயிறு இழுத்தது என்றும் அவரே சொன்னார். வீட்டுக்குப் போனதும் கருவாட்டுக் குழம்பு வைக்க வேண்டும் என்று அமராவதிக்குக் கட்டளை போட்டார். பிறகு வீரம்மா பக்கம் திரும்பினார்.

"முடிஞ்சிருச்சு வீரம்மா. இனிமே ஒன்னய ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நேர்த்தி முடிந்தது என்று சொல்வார் என நினைத்திருந்தாள். அம்மனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் அவர் தன்னைப் பற்றிச் சொன்னது அவளுக்கு விசித்திரமாகப் பட்டது. ஆனாலும் கேட்க இனிமையாக இருந்ததால், அதை அவள் மேலே துருவவில்லை.

புதன்கிழமை மத்தியானம் வீடு வந்து சேர்ந்தார்கள். வண்டி நின்றதும் வீரம்மா மூட்டையைக்கூட இறக்காமல் குசினிக்குள் ஓடினாள். தகரத்தைத் திறந்து, பாதி அல்ல, ஒரு முழுக் குளிசையை எடுத்து நசுக்கினாள். கரண்டி இரண்டு தடவை வழுக்கியது. கலக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நல்லதம்பி வைக்கோற் போரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாடு ஒன்று வைக்கோலை உருவித் தின்றுகொண்டிருந்தது.

"என்னங்க, மருந்து."

அவர் திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். கிட்டப்போய்த் தோளைத் தொட்டபோது தலை ஒரு பக்கம் சரிந்தது.

ஊர் திரண்டு வந்தது. ஏழு காவடியையும் குறைவில்லாமல் முடித்து, வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டு அம்மன் எடுத்துக்கொண்டாள், இப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். வீரம்மா விரதத்தின் பலன் என்றும் சொன்னார்கள். கிணற்றடியில் அவளைத் தூற்றிய அதே வாய்கள் அவளைப் பத்தினி என்றன. அவள் ஒப்பாரி வைக்கவில்லை. வாயைத் திறந்தால் அரிசி கழுவிய தண்ணீர் வெளியே வந்துவிடும் என்ற பயம் அவளுக்கு. துக்கத்தில் வாயடைத்துப்போனாள் என்று அதற்கும் ஒரு பெருமை சேர்ந்தது.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, மிச்சக் குளிசைகளோடு அவள் சிற்றம்பலத்திடம் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"அண்டைக்கு நீ வாசல்லை நிண்டு கேக்கேக்கை, ஏன் கேக்கிறாய் எண்டு நான் ஒரு சொல்லுக் கேட்டிருக்கவேணும்," என்றார்.

அதனால்தான் செத்தாரா என்று அவள் கேட்டாள். அந்த மனிதர் நல்லவர். இல்லை என்று ஒரு பொய் சொல்லி அனுப்பியிருக்கலாம். குளிசை குடித்திருந்தாலும் போயிருக்கலாம், குடிக்காததால் போயிருக்கலாம், மூட்டு வீங்கி நெருப்புக் கூடிய நேரத்தில் காவலும் இல்லாமல் போனது கெட்ட காலம், இதற்கு மேல் தனக்குத் தெரியாது என்று உள்ளதைச் சொன்னார். அவளும் இரக்கத்தைத் தேடிப் போகவில்லை. குளிசைகளை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

எண்பத்தாறில் அமராவதிக்கும் செல்வராசாவுக்கும் கலியாணம் நடந்தது. வடிவம்மா முன்னின்று நடத்தினாள். சண்டை வந்தது, போனது, வேறு பட்டாளம் வந்தது. வீரம்மா நாற்று நட்டாள், களை பிடுங்கினாள், பேரப்பிள்ளையை இடுப்பில் தூக்கினாள். கோயிலுக்குப் போவதில்லை. ஒவ்வொரு நாளும் அரிசி கழுவும்போது அந்தத் தண்ணீரைப் பார்க்காமல் ஊற்றப் பழகிக்கொண்டாள். அவளுக்கு ஒரே ஒரு ஆறுதல்தான் இருந்தது: அந்த மனுஷன் ஒன்றும் தெரியாமல் போனார். தான் மருந்து குடிப்பதாகவே நினைத்துக்கொண்டு நிம்மதியாகப் போனார். பாவம் முழுவதும் தன்னோடு நிற்கட்டும்.

எண்பத்தொன்பது கார்த்திகை மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பெல்லாம் உளைவு. அமராவதி சந்திக்குப் போய்ச் சிற்றம்பலத்திடம் சொல்லி அதே அஸ்பிரின் குளிசை வாங்கி வந்தாள். அம்மாவுக்குத் தொண்டை நோகிறதே என்று, தகப்பனுக்குச் செய்ததுபோலக் கரண்டியால் நசுக்கி, தம்ளரில் கலக்கிக் கொடுத்தாள். வெள்ளையாகக் கலங்கிய தண்ணீர். வீரம்மா அதைக் கண்டதும் வாங்கத் தயங்கினாள். பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கிறாளே என்று வாங்கி ஒரு மிடறு குடித்தாள்.

சுரீரென்று புளித்தது. புளிப்புக்குப் பின்னால் ஒரு கசப்பு நாக்கின் அடியில் போய்க் குத்தியது. அவளை அறியாமல் முகம் கோணியது.

"அப்பாவும் இப்படித்தானே," என்று அமராவதி சிரித்தாள்.

வீரம்மா தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். அரிசி கழுவிய தண்ணீர் அவள் சின்ன வயதிலிருந்து குடித்துப் பழகியது. அதில் புளிப்பும் இல்லை, கசப்பும் இல்லை. சுளிப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. முதல் மிடற்றில் அவர் நிறுத்தியதும், தம்ளருக்குள் பார்த்ததும் எதற்கென்று அவளுக்கு இப்போது புரிந்தது. முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். கிணற்றடியில் அவள் சொன்ன குளிசைக் கதை அவர் காதுக்கும் வந்திருக்கும்; ஏன் என்றும் கண்டுபிடித்துவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, பத்து மாலையும், வெறும் கழுநீரைக் குடித்துவிட்டு முகத்தை எட்டுக் கோணலாக்கிக் காட்டியிருக்கிறார். அழ வேண்டிய இடத்தில் சிரித்துக் கூத்தைக் கெடுத்த மனுஷன். நடிக்கவே வராது என்று அவளே ஊர் முழுக்கச் சொன்ன மனுஷன்.

ஐந்து வருசத்துக்கு முன் சாவு வீட்டில் வராத ஒப்பாரி அவளுக்கு அப்போது வந்தது. காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்று பயந்து அமராவதி அவள் கையிலிருந்த தம்ளரை வாங்கப் போனாள். வீரம்மா கொடுக்கவில்லை. அழுதுகொண்டே மிச்சத்தையும் குடித்து முடித்தாள்.